இறந்த பொறியும் இறவா விளையாட்டும்

விளையாட்டு ஒன்று எங்கே வாழ்கிறது? கிளித்தட்டு மணலிற் கீறிய கோடுகளில் வாழ்வதன்று. மழை பெய்து கோடுகள் அழிந்தாலும், மறுநாள் மாலையில் வேறு பிள்ளைகள் வேறு மணலில் அவற்றைக் கீறிக்கொள்வர். அதன் விதிகள் வாய்வழி நிற்பவை. ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையின் கையைப் பிடித்து இழுத்துக் கோட்டிலே நிறுத்திவிட்டால் போதும், விளையாட்டுப் பிழைத்துக்கொள்ளும். அதற்கு ஏடும் வேண்டாம், எந்திரமும் வேண்டாம்.

ஆனால் கடந்த அரை நூற்றாண்டில் மனிதன் படைத்த இன்னொரு வகை விளையாட்டுக்கு இந்த நற்பேறு வாய்க்கவில்லை. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடிய மின்னணு விளையாட்டையே கூறுகின்றேன். அதன் விதிகள் ஒரு சில்லினுள் எண்களாக எழுதப்பட்டவை. அச்சில்லைப் படிக்க ஒரு குறிப்பிட்ட பொறி வேண்டும். பொறி பழுதுற்றால் விளையாட்டு ஊமையாகிவிடும். ஆயிரம் பேர் அதை நினைவில் வைத்திருந்தாலும், ஒருவராலும் அதை மற்றொருவருக்கு வாயாற் சொல்லிக் கையளித்தல் இயலாது. இவ்வூமைக்குப் பேச்சு மீட்டுத் தரும் ஒரு கலையைப் பற்றியே இக்கட்டுரையிற் கூற விரும்புகின்றேன். ஆங்கிலச் சொல்லையே தமிழாக்கிக்கொண்டு கணினியாளர் அதனை ‘எமுலேற்றர்’ என்பர்.

முதலிற் பொறியை அறிவோம். யப்பானின் நின்ரெண்டோ நிறுவனம் 1983ஆம் ஆண்டு யூலை 15ஆம் நாள் ‘பாமிகொம்’ என்ற பெட்டியைச் சந்தைக்கு விட்டது. மேலை நாடுகளில் அது சிறிது உருமாறி வேறு பெயரோடு விற்கப்பட்டது. உலகெங்கும் ஆறு கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் விற்பனையாயின. அதன் மூளைச் சில்லு, 1975இல் அமெரிக்காவிற் பிறந்த 6502 என்ற மலிவான சில்லின் வழிவந்தது. நொடிக்கு ஏறத்தாழ 17 இலட்சத்து 90 ஆயிரம் துடிப்பு அதன் வேகம். வேலை செய்ய அதற்கிருந்த நினைவகம் 2 கிலோபைற்று மாத்திரமே. இன்று நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்தின் மிகச் சிறு பங்கே அதனுள் அடங்கும். இந்த ஒடுக்கமான இடத்துக்குள் நின்றுகொண்டே அக்காலத்துப் படைப்பாளிகள் காடும் கடலும் கோட்டையும் சமைத்தார்கள். திரையின் ஒரு கிடைக்கோட்டில் எட்டு உருவங்களுக்கு மேல் அப்பொறியாற் காட்ட முடியாது. ஒன்பதாவது வந்துவிட்டால் உருவங்கள் மின்னி மின்னி மறையும். அதைக் கண்டு பிள்ளைகள் மாயம் என்று எண்ணினர். உண்மையில் அது பொறியின் வறுமையே.

நம் பக்கத்துச் சந்தைகளுக்கு அசற்பெட்டி வந்தது அரிது. கிழக்காசியாவிற் செய்யப்பட்ட அதன் போலிகளே மிகுதியாக வந்தன. ‘ரீ.வி. கேம்’ என்பதே நாம் அவற்றுக்கு இட்ட பெயர். அதிற் செருகும் பேழையைக் ‘கசெற்’ என்றோம். இந்தப் போலிகளும் இன்று துருவேறிக் குப்பையோடு போய்விட்டன. நின்ரெண்டோ நிறுவனமும் 2003ஆம் ஆண்டில் அப்பெட்டியைச் செய்வதை நிறுத்திவிட்டது.

எமுலேற்றர் என்பது யாது? நம் நாட்டுக்கூத்தை எண்ணிக்கொண்டால் விளக்கம் எளிதாகும். அரசனாக ஆடுபவர் அரசர் அல்லர். காலையில் வலையிழுத்துவிட்டு வந்தவராக இருக்கலாம். எனினும் அரசன் சொல்ல வேண்டியதை அவர் சொல்கிறார். வரவேண்டிய வேளையில் வருகிறார். அண்ணாவியாரின் தாளத்துக்கு இம்மியும் பிசகாது அடிவைக்கிறார். எதிரே நிற்கும் மந்திரிக்கும், மேடைக்கு முன்னே பாயில் இருக்கும் நமக்கும் அவர் அரசரே. எமுலேற்றரும் அத்தகைய ஒரு கூத்தரே. அது பழைய பொறியன்று. நம் மேசைமேல் இருக்கும் கணினியில் ஓடும் ஒரு மென்பொருள். ஆயினும் கசெற்றில் உள்ள நிரல் எந்தக் கேள்வியைக் கேட்டாலும், பழைய பொறி என்ன விடை சொல்லியிருக்குமோ அதே விடையை அதே கணத்தில் அது சொல்லும். நிரலுக்குத் தான் ஏமாற்றப்பட்டது தெரியாது.

இங்கே தாளமே உயிர். பாமிகொம்மில் மூளைச் சில்லு ஒருமுறை துடிக்கையில் படம் வரையும் சில்லு மூன்று புள்ளிகளைத் தீட்டி முடித்துவிடும். ஒன்றுக்கு மூன்று என்ற இக்கணக்கு ஓரிடத்தில் வழுவினாலும் திரையிற் கோடு விழும். சில விளையாட்டுகள் நடுவழியில் நின்றுவிடும். 1.79 மெகாஹேட்சில் ஓடிய ஒரு பழம்பொறியை நடித்துக் காட்ட, அதனினும் பன்மடங்கு வேகமுள்ள கணினி வேண்டியிருப்பது இதனாலேயே. ஒருவனைப் போல நடிப்பதற்கு, அவனாகவே இருப்பதைவிடக் கூடுதலான உழைப்பு வேண்டும் அன்றோ?

இக்கலை நேற்றுப் பிறந்ததன்று. ஒரு பொறி மற்றெப்பொறியின் வேலையையும் செய்யவல்லதாக இருத்தல் கூடும் என்பதை 1936ஆம் ஆண்டிலேயே அலன் ரியூறிங் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் தாளிலே நிறுவிக் காட்டினார். 1964ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஐ.பி.எம். நிறுவனம் தன் 360 வரிசைக் கணினிகளை அறிவித்தபோது, தன் பழைய கணினிகளுக்கென எழுதப்பட்ட நிரல்கள் வீணாகாதிருக்க, அவற்றைப் புதுப் பொறி நடித்துக் காட்டும் வழியையும் வகுத்தது. எமுலேற்றர் என்ற சொல் கணினித் துறையில் வழங்கலானதும் அக்காலத்திலேயே. விளையாட்டுப் பொறிகளுக்கு இது பரவலாக வந்தது 1997ஆம் ஆண்டில். அவ்வாண்டிலே பாமிகொம்மை நடிக்கும் ‘நெஸ்ரிக்கிள்’ என்ற மென்பொருளும், கடைத்தெரு விளையாட்டுப் பொறிகளை நடிக்கும் ‘மேம்’ என்ற மென்பொருளும் வெளிவந்தன. ‘மேம்’ இன்றும் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

யாழ்ப்பாணத்தார்க்கு இக்கருத்து அந்நியமானதன்று. 1990இல் போர் மீண்டும் மூண்டு மின்சாரம் அற்றுப்போன காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோவிலிருந்து வந்த மின்னில் நாம் வானொலி கேட்டோம். மின்கலமும் இல்லை; மின்கம்பியும் இல்லை. வானொலியோ அதை அறியவில்லை. தனக்கு வேண்டிய மின் வந்ததா என்பதையே அது பார்த்தது. உள்ளே இருப்பது யார் என்பதன்று, வேண்டிய பணி வேண்டியவாறு நடந்ததா என்பதே கேள்வி. எமுலேற்றரின் தத்துவமும் இதுவே.

நான் இதிற் கைவைத்த காரணத்தையும் சொல்லல் வேண்டும். பண்ணைத் தாம்போதி வழியே யாழ்ப்பாணத்திலிருந்து தீவகத்துக்குச் செல்வோர் வேலணைத் தீவில் முதலில் மிதிக்கும் ஊர் அல்லைப்பிட்டி. 1990இலும், பின்னர் 2006இலும் அவ்வூர் மக்கள் வீடுவாசலை விட்டு ஓடினர். பலர் திரும்பினர், பலர் திரும்பவில்லை. 1990இல் ஓடியவர்களுள் என் பள்ளித் தோழர் ஒருவரும் இருந்தார். கொழும்பிலே ஒரு விடுதி அறையில், வெளிநாடு செல்லும் வழி திறக்குமென்று அவர் குடும்பம் மாதக்கணக்கிற் காத்திருந்தது. அவ்வறையில் அவருக்கும் அவர் தமையனாருக்கும் இருந்த ஒரே பொழுதுபோக்கு, விடுதிக்காரரின் தொலைக்காட்சியும் ஒரு போலி ரீ.வி. கேம் பெட்டியுமே. இப்போது ரொறன்ரோவில் வாழும் அவர், சென்ற விடுமுறைக்குத் தம் மகனோடு ஊருக்கு வந்தபோது ஒரு சிறு பொதியை என்னிடம் தந்தார். அதனுள்ளே ‘பற்றில் சிற்றி’ என்ற விளையாட்டின் அசல் யப்பானியக் கசெற் இருந்தது. அங்கே பழம்பொருட் கடையொன்றில் விலைக்கு வாங்கியது. அதிலிருந்து கசெற் படிக்கும் கருவியால் அவரே எடுத்த பிரதியும் ஒரு யூ.எஸ்.பி. குச்சியில் இருந்தது. “பெட்டி கிடைக்கேல்லை மச்சான். கணினியிலை ஓட வை” என்றார்.

‘பற்றில் சிற்றி’ 1985இல் நம்கோ நிறுவனம் வெளியிட்டது. ஆடுவோர் இருவர், ஒருவருக்கு மஞ்சள் டாங்கி, மற்றவருக்குப் பச்சை. செங்கற்சுவரால் சூழப்பட்ட ஒரு கழுகுச் சின்னத்தை, கட்டத்துக்கு இருபதாக வரும் பகை டாங்கிகளிடமிருந்து காத்தல் வேண்டும். சின்னம் உடைந்தால் ஆட்டம் முடிந்தது. முப்பத்தைந்து கட்டங்களும், ஆடுவோரே தமக்கு வேண்டிய நிலப்படம் வரைந்துகொள்ளும் வசதியும் இவையனைத்தும் 24 கிலோபைற்றுக்குள் அடக்கம். இக்கட்டுரையை எழுத்துருவிற் கணினியில் இட்டால் அதைவிடக் கூடுதலான இடத்தைப் பிடிக்கும்.

இனி, செய்த முறையைச் சொல்கிறேன். விரும்பும் மாணவர் தாமும் செய்து பார்க்கலாம். கடந்த பதினைந்தாண்டுக்குள் வாங்கிய எந்த மடிக்கணினியும் போதும். ‘றெட்றோஆர்ச்’ என்ற மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இலவசமாக இறக்கி நிறுவிக்கொள்ள வேண்டும். இது கூத்தரன்று, மேடை. இதனுள் ஒவ்வொரு பழம்பொறியையும் நடிக்கும் கூத்தரைத் தனித்தனியே அழைத்துக்கொள்ள வேண்டும். அக்கூத்தருக்குக் ‘கோர்’ என்று பெயர். பட்டியலிலே பாமிகொம்மை நடிப்போர் பலர் உளர். நான் ‘மெசென்’ என்பதைத் தெரிந்தேன். தாளம் பிசகாமையில் அது பெயர் பெற்றது. பின்னர் விளையாட்டுக் கோப்பைத் திறத்தல் வேண்டும். கோப்பின் தலைப்பில் பதினாறு பைற்று நீளமான ஒரு முகவரிச் சீட்டு இருக்கும். உள்ளே எத்தனை சில்லு, எவ்வகைக் கசெற் என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். அச்சீட்டைப் படித்தே எமுலேற்றர் தன்னை ஒழுங்கு செய்துகொள்ளும். ஆகவே 24,576 பைற்று விளையாட்டு, கோப்பாகும்போது 24,592 பைற்று ஆகிறது.

விசைப்பலகையில் அம்புக்குறிகள் திசை காட்டும். எக்ஸ், இசட் என்ற எழுத்துகள் இரு பொத்தான்களாகும். என்ரர் விசை ஆட்டத்தைத் தொடங்கும். எஃப் 2 விசையை அழுத்தினால் ஆட்டம் நிற்கும் நிலை அப்படியே பதிவாகும். எஃப் 4 அதனை மீட்டுத் தரும். பழைய பொறியில் இல்லாத வரம் இது. திரையின் அளவு நான்குக்கு மூன்று என்றிருத்தல் நன்று. அகலத் திரையில் இழுத்துவிட்டால் சதுரமெல்லாம் செவ்வகமாகிவிடும். குமிழ்க் கண்ணாடித் தொலைக்காட்சியில் தெரிந்த மெல்லிய கிடைக்கோடுகளையும் வேண்டுவோர் வடிகட்டி ஒன்றால் வரவழைக்கலாம். இவையனைத்துக்கும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

ஆட்டம் தொடங்கிற்று. கட்டத்தின் தொடக்கத்தில் ஒலிக்கும் சிறிய இசை ஒலித்தது. நண்பரின் முகம் மலரவில்லை. “இது எங்கடை பாட்டு இல்லை. இப்பிடி அவசரப்படாது” என்றார்.

முப்பது ஆண்டுக்கு முந்திய ஓர் இசைத்துணுக்கின் வேகம் ஒருவருக்கு நினைவிருக்குமா என்று சிலர் ஐயுறலாம். ஆனால் அவர் சொன்னது முற்றிலும் மெய்; அதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. யப்பானியத் தொலைக்காட்சி நொடிக்கு அறுபது முறை படம் வரையும். இலங்கையில் வழங்குவது ‘பால்’ முறை, அது நொடிக்கு ஐம்பது முறையே வரையும். அக்கால விளையாட்டுகள் படத்தின் எண்ணிக்கையைக் கொண்டே காலத்தை அளந்தன. எனவே நம் நாட்டுத் தொலைக்காட்சிக்கென அமைந்த போலிப் பெட்டியில் ஆட்டமும் இசையும் ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே ஓடின. யப்பானியப் பிள்ளை கேட்டதும் கொழும்பு விடுதியறையிற் பிள்ளை கேட்டதும் ஒரே பாட்டு அன்று. எமுலேற்றர் ஆக்கியோர் இதையும் மறந்தாரல்லர். பிரதேசம் என்ற தெரிவிலே மற்றவற்றோடு ‘டெண்டி’ என்ற ஒன்றும் இருந்தது. ‘டெண்டி’ என்பது 1992இல் உருசியாவில் விற்பனைக்கு வந்த ஒரு போலிப் பெட்டி. ஐம்பது படத் தொலைக்காட்சிக்கென வந்த போலிகளின் தாளம் அதன் பெயரால் வழங்குகிறது. அதைத் தெரிந்து மீண்டும் ஓட்டினேன்.

இசை சற்றே அயர்ந்து, தளர்ந்து வந்தது. நண்பர் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து மகனை அழைத்து அருகே இருத்தி, முதலாம் கைப்பிடியை, மஞ்சள் டாங்கிக்குரியதை, அவனிடம் கொடுத்தார். பச்சையைத் தாம் எடுத்துக்கொண்டார். “மஞ்சள் பெரியப்பாவின்ரை. நான் எப்பவும் பச்சைதான்” என்றார். அவர் தமையனார் இன்று இல்லை. இருவரும் விளையாடிய அறையின் நிழற்படம் ஒன்றேனும் அக்குடும்பத்திடம் இல்லை. ஐம்பது படத்துக்கு ஒழுங்குபட்ட அந்த இசைத்துணுக்கு ஒன்றே அக்காலத்திலிருந்து சிதையாமல் வந்து சேர்ந்தது.

அசலைவிடப் போலியே ஒருவருக்கு உண்மையானதாக இருக்கலாம் என்பதை அன்று கண்டேன். பேணுதல் என்பது அசற்பொருளைப் பேணுவது மாத்திரமன்று. அதை மக்கள் எவ்வாறு துய்த்தனரோ அவ்வாற்றையும் பேணுவதாகும். நூலகத்தாரும் ஆவணக் காப்பாளரும் சிந்திக்கவேண்டிய கருத்து இது.

இனிச் சட்டத்தின் பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். எமுலேற்றர் என்ற மென்பொருள் வேறு. அதில் ஓடும் விளையாட்டு வேறு. அமெரிக்காவில் சோனி நிறுவனம் கொனெக்ரிக்ஸ் நிறுவனத்தின்மேல் தொடுத்த வழக்கில், எமுலேற்றர் ஆக்குவதற்காகப் பழம்பொறியின் உள்நிரலை ஆராய்ந்தது நியாயமான பயன்பாடே என 2000ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் விளையாட்டு படைத்தோருக்கு உரியது. இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களைக் காக்கிறது. இணையத்திற் கொட்டிக் கிடப்பதை அள்ளிக்கொள்வதைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் ஆசிரியர்க்கு அழகன்று. பழைய விளையாட்டுகள் பலவற்றை உரிமையாளரே தொகுதியாக விற்கின்றனர். ‘பற்றில் சிற்றி’யும் 2020இல் அத்தகைய தொகுதி ஒன்றில் வெளிவந்தது. அத்தொகுதிகளின் உள்ளே ஓடுவதும் எமுலேற்றரே என்பது சுவையான செய்தி. இன்னும், ‘நோவா த ஸ்குவிரல்’ போல, இக்காலத்து ஆர்வலர் அப்பழம்பொறிக்கென்றே புதிதாக எழுதி, மூலநிரலோடு இலவசமாக வழங்கியிருக்கும் விளையாட்டுகளும் உண்டு. மாணவர் தொடங்குவதற்கு அவையே தக்கவை. 2 கிலோபைற்றுக்குள் ஓர் உலகத்தை அடக்கும் வித்தையை அவற்றின் நிரலைப் படித்தே கற்றுக்கொள்ளலாம்.

ஆயினும் விற்பனையில் உள்ளவை சிலவே. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று, அங்குள்ள விளையாட்டு வரலாற்று அறநிலையம் ஒன்று 2023இல் ஆய்ந்து கூறியது. அப்படியானால் அவற்றைக் காப்பவர் யார்? ஆர்வலர் காக்கின்றனர், இணைய ஆவணக் காப்பகம் போன்ற நிலையங்களும் 2015 முதல் ஆயிரக்கணக்கான பழைய விளையாட்டுகளை உலாவியிலேயே எமுலேற்றரால் ஓட்டிக் காட்டுகின்றன. காப்போருக்கும் உரிமையாளருக்கும் இடையே உள்ள வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. என் கருத்து இதுவே: விற்காமலும் காக்காமலும் ஒரு படைப்பை மூடி வைத்தல் உரிமை ஆகலாம், அறம் ஆகாது.

இதே அல்லைப்பிட்டியின் மணலுக்கடியிலிருந்து, வட சொங் அரசமரபுக் காலத்துச் சீனப் பீங்கான்கள் கண்டெடுக்கப்பட்டன. 2018இல் சாங்காய் அருங்காட்சியகத்தினரும் இலங்கைத் தொல்லியலாளரும் அங்கே அகழ்ந்தனர். ஏறத்தாழ 900 ஆண்டு மண்ணுக்குள் கிடந்த ஓட்டுத்துண்டு, தான் எவ்வுலையில் வெந்தது என்பதை இன்றும் சொல்லுகிறது. நம் காலத்துப் பொருள்களோ அவ்வாறு சொல்லா. ஆட்டத்தின் நிலையைப் பதிந்து வைக்கக் கசெற்றினுள் இட்ட சிறு மின்கலம் பதினைந்து இருபது ஆண்டிற் செத்துவிடும். நெகிழ்வட்டு பூஞ்சணம் பிடித்து அழியும். மண்ணுக்குள் புதைத்துவைத்தால் நாளைய தொல்லியலாளருக்குக் கிடைப்பது பிளாத்திக்குத் துண்டு மாத்திரமே.

இது விளையாட்டைப் பற்றிய கவலை மட்டுமா? அன்று. தொண்ணூறுகளில் நம்மவர் கணினியிற் கோத்த மலர்களும் நூல்களும் சஞ்சிகைகளும், பாமினி போன்ற எழுத்துருக்களில், ‘பேஜ்மேக்கர்’ போன்ற மென்பொருளில் அமைக்கப்பட்டவை. அந்தக் கோப்புகளை இன்றைய கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே திரையில் நிற்கும். பல திறக்கவே மறுக்கும். அவற்றை அமைத்தவாறே காண வேண்டுமாயின், அக்காலத்துக் கணினியை நடித்துக் காட்டும் ஒரு மென்பொருளே வழி. மஞ்சள் டாங்கியையும் பச்சை டாங்கியையும் மீட்டுத் தந்த அதே கலை, ஓர் ஊரின் கோயில் மலரையும் ஓர் ஆசிரியரின் கையெழுத்துப்படியாகாத கவிதைத் தொகுதியையும் மீட்டுத் தரும். 2005 முதல் நூலகம் நிறுவனம் அச்சேறிய ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தி வருகிறது. அச்சேறாது வட்டுகளிலேயே தங்கிவிட்டவற்றுக்கும் அத்தகைய கைகள் வேண்டும்.

1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் தீக்கிரையானதை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம், அது தகும். ஆனால் தீ வைப்பாரின்றியே, அலுமாரியின் அடித்தட்டிலும் பரணிலும் நாள்தோறும் ஒரு சிறு நூலகம் எரிந்துகொண்டிருக்கிறது. அதற்குப் புகை இல்லை. ஆதலால் ஒருவரும் ஓடிவருவதில்லை. உங்கள் வீட்டில், பாடசாலையில், அச்சகத்தில் பழைய நெகிழ்வட்டோ கசெற்றோ வன்தட்டோ கிடந்தால் குப்பைக்கு எறியாதீர்கள். இன்றே வெளியே எடுங்கள். மேலே அதன் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். கணினி அறிந்த ஒரு மாணவனை அழைத்து, அது வாசிக்கக்கூடியதாய் இருக்கும்போதே பிரதி எடுப்பியுங்கள். நடிக்கும் கூத்தரைப் பின்னர் எவ்வாறாயினும் தேடிக்கொள்ளலாம். ஏடு இல்லாவிட்டால் எந்தக் கூத்தராலும் ஒன்றும் ஆகாது.